தண்டுவடம் அடிபட்ட விளையாட்டுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

மாங்காய் பறிக்க ஏறிய இடத்தில் கிளை முறிந்து விழுந்தவன், தொப்பூர் கணவாயில் பைக்கோடு சறுக்கியவன், எருது விடும் விழாவில் முட்டு வாங்கியவன், கபடியில் நாலு பேர் பிடியில் கழுத்து மடங்கி விழுந்தவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்து, முதுகில் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து, தையலும் பிரித்த பிறகு ஒரு நாள் டிஸ்சார்ஜ் எழுதுவார்கள். அடுத்து எங்கே கூட்டிப் போவது என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். நான் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் விளையாட்டு சொல்லிக் கொடுப்பவன். அந்தக் கேள்வியோடு பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் அடிபட்டிருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு மையத்துக்குப் போங்கள், எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை. காலையே எடுக்க நேர்ந்திருந்தால் கணக்கு மாறும். அதற்குப் போகும் இடம் பக்கத்தில் இருப்பதுதான் பெரிய விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பல வீடுகளில் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. மரத்திலிருந்து விழுந்தாலும் மைதானத்தில் விழுந்தாலும் அது பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான் எடுக்க வேண்டும். எப்படியோ ஆபரேஷன் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதத்துக்கு யாரும் பணமும் ஒதுக்கியிருப்பதில்லை, யோசித்தும் வைத்திருப்பதில்லை. பையனின் மீதி ஆயுசு எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான் முடிவாகிறது.

வார்டை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டியது

“என் பையன் நடப்பானா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டரும் “பார்ப்போம், கடவுள் மேல பாரத்தைப் போடுங்க” என்று சொல்லி நகர்ந்துவிடுவார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். அடி எந்த மட்டத்தில்? முழு அடியா, பகுதி அடியா? இந்த இரண்டுக்கும் அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

கழுத்தில் அடி என்றால் கையும் பாதிக்கும். நெஞ்சு மட்டத்துக்குக் கீழே என்றால் கை முழுசாக இருக்கும், இடுப்பும் காலும் பாதிக்கும். முழு அடியா பகுதி அடியா என்பதை ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வு இருக்கிறதா, அந்தத் தசையை அவனால் இறுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள், ஏனென்றால் தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் போகின்றன. அங்கே உணர்வு இருந்தால் செய்தி கீழே வரை கொஞ்சமாவது போகிறது என்று அர்த்தம். மீண்டு வரும் வாய்ப்பும் கூடுதல். அதை ஆங்கிலத்தில் ‘ஏ’ (A) முதல் ‘இ’ (E) வரை ஐந்து எழுத்துகளில் ஒன்றாகக் குறிப்பார்கள். ‘ஏ’ என்றால் முழு அடி. டிஸ்சார்ஜ் தாளில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். அடுத்து எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டுக்கே கூட்டிப் போவது

பத்து வீட்டில் எட்டு வீடு இதைத்தான் தேர்ந்தெடுக்கும். “கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் வேலூர் போலாம்” என்பார்கள். அம்மா கையால் சாப்பாடு, சொந்த பந்தம், ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று அதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. ஆனால் தண்டுவட அடியில் உடம்பு தெம்பாகும்வரை காத்திருப்பதில்லை, அதற்குள் கெட ஆரம்பிக்கிறது.

என்னிடம் கபடி ஆடிய ஒருவன், ப்ளஸ் டூ முடித்த கையோடு மாந்தோப்பு வேலைக்குப் போய் விழுந்தான். எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் நல்ல ரைடர். வீட்டுக்குக் கூட்டி வந்து கயிற்றுக் கட்டிலில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவன் அம்மா முதுகைத் துடைக்கத் திருப்பினார். வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்திருந்தது. “உரசியிருக்கும் சார், தேங்காய் எண்ணெய் போட்டிருக்கேன்” என்றார். அடுத்த வாரம் அந்தத் தோல் உரிந்தபோது உள்ளே எலும்புவரை குழி. மேலே காசு அளவு, உள்ளே கை விரல் நுழையும் அளவு. அவனுக்கு வலியே தெரியவில்லை, அந்த இடத்தில் உணர்வே இல்லையே. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. ஆறும்வரை உட்காரக் கூடாது. உட்காராமல் வீல்சேர் பயிற்சி கிடையாது. அந்தத் தாய் அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படுக்கைப் புண் ஒன்று. இரண்டாவது, மடங்கிப்போகும் மூட்டு. தினமும் நீட்டி மடக்கவில்லை என்றால் கணுக்கால் கீழ்நோக்கி இறுகிவிடும், முழங்கால் மடங்கியே நின்றுவிடும். மூன்றாவது சிறுநீர். டியூபும் பையுமாக மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கிருமி, கல், கடைசியில் கிட்னி. தண்டுவடம் அடிபட்டவர்கள் முன்பெல்லாம் சீக்கிரமே இறந்துபோனதற்குப் பெரிய காரணம் கிட்னிதான்.

அதனால் வீடு தப்பு என்று சொல்லவில்லை. அது கடைசியாக வந்து சேர வேண்டிய இடம். இங்கே முதலிலேயே வந்துவிடுகிறார்கள்.

உள்ளூர் அரசு மருத்துவமனையும் வீட்டுக்கு வரும் பிசியோவும்

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய கல்லூரிகளில் ஒன்று வந்துவிட்டது. பிசியோதெரபி பிரிவும் உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாவற்றுக்கும் தயங்காமல் போகலாம். ஆனால் தண்டுவட அடிக்கு வேண்டியது தினமும் அரை மணி நேரம் காலை ஆட்டிவிடும் பிசியோ மட்டுமில்லை. மறுவாழ்வு மருத்துவர், பிசியோ, கை வேலை பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறுநீர் மலம் பழக்கும் நர்ஸ், மனசு விட்டுப் பேச ஒருவர், ஷூவும், காலைத் தாங்கும் காலிப்பரும் செய்பவர் என்று ஒரு குழுவே ஒரே கூரையின் கீழ் இருந்து, காலை முதல் மாலைவரை பயிற்சி கொடுக்க வேண்டும். தினமும் பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ ஆட்டோ வைத்து வந்து போனால் பயிற்சியைவிட அலைச்சல்தான் அதிகம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ நம்ம ஊர்த் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். பிசியோ வீட்டுக்கே வருவார். மையத்தில் கற்றுக்கொண்டு திரும்பியவனுக்கு இது பெரிய உதவி. கற்றதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். எதையும் கற்காதவனுக்கு எப்போதாவது வரும் ஒரு மணி நேரம் போதாது.

வேலூர் பாகாயம்

என்னிடம் ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை, பாகாயத்தில் தனியாக இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் அவருக்கே தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து இதைக் கட்டினார். நாற்காலியில் இருப்பவனுக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் போட்ட அஸ்திவாரம் அது.

கிருஷ்ணகிரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நேராகப் போய்விடலாம். தமிழ் பேசுபவர்கள், நம் சாப்பாடு. அட்மிஷன் உடனே கிடைக்காது என்பதும், இலவசம் இல்லை என்பதும்தான் கஷ்டம். கட்ட முடியாத குடும்பம் என்றால் முதல் நாளே அங்குள்ள சமூகப் பணியாளரைப் பார்த்து, வருமானச் சான்றிதழோடு நிலைமையைச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

இப்படிப்பட்ட மையத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலரும் போகத் தயங்குகிறார்கள். “கரண்ட் வைப்பாங்க, கால் ஆட்டுவாங்க, அதை இங்கேயே பண்ணலாமே” என்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே சொன்ன பையன் புண் ஆறிய பிறகு ஒரு மையத்துக்குப் போனான். அங்கே கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவில் வழவழப்பான ஒரு பலகை. ஒரு முனை தொடைக்கு அடியில், மறு முனை நாற்காலியில். தலையை நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி நகர வேண்டும். முதலில் அவன் தலையும் உடம்பும் ஒரே பக்கம் போக, சரிந்து சரிந்து விழுந்தான். தெரபிஸ்ட் பிடித்தாரே தவிர தூக்கி வைக்கவில்லை. “கபடியில கோட்டைத் தொட எப்படிப் பாய்ஞ்ச? தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் போகும்ல? அதேதான்” என்றார். அது அவனுக்குப் பிடிபட்டது. அடுத்தடுத்த வாரங்களில் பலகையே இல்லாமல் தாவினான். தோளும் கையும் ஆட்டக்காரனுடையது, அதை யாரும் அவனிடமிருந்து எடுக்கவில்லை.

அதுபோலத்தான் சிறுநீரும். நிரந்தர டியூபை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே சுத்தமான கையால் மெல்லிய டியூபை விட்டு வெளியேற்றுவதைப் பழக்குவார்கள். கை நன்றாக இருப்பவன் தானே செய்துகொள்ளலாம். மலம் போக தினமும் ஒரே நேரம் என்று வழக்கப்படுத்துவார்கள். வெளியே போனால் அசிங்கமாகிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் வருஷக்கணக்கில் வீட்டை விட்டே வருவதில்லை. இந்த இரண்டும் பழகிவிட்டால் கல்லூரிக்குப் போகலாம், பஸ் ஏறலாம், மைதானத்துக்கும் வரலாம்.

சென்னை கே.கே. நகர்

கலைஞர் கருணாநிதி நகரில் இருக்கும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் மாநில அரசின் மறுவாழ்வு மருத்துவமனை. தங்கும் வார்டு உண்டு, செயற்கைக் கால், காலிப்பர் செய்யும் பணிமனையும் உண்டு. காசே இல்லை என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். அரசு டாக்டர்களே எழுதித் தருவார்கள், ஆகவே தர்மபுரி மருத்துவமனையில் இருக்கும்போதே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குவது நல்லது. கூட இருப்பவர் சென்னையில் தங்கிச் சாப்பிடும் செலவும் 300 கிலோமீட்டர் தூரமும்தான் யோசிக்க வேண்டியவை. வேலூரில் இடம் கிடைக்க நாளாகும் என்று தெரிந்தால் காத்திருக்காமல் இங்கே சேர்ப்பது மேல்.

பெங்களூரு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிக்காரர்களுக்கு இதுதான் முதலில் மனசில் வரும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். தலையிலும் அடிபட்டு, பேச்சு, ஞாபகம், நடத்தை எல்லாம் மாறிப்போன பிள்ளை என்றால் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் சரி. நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம் என்பதால் செலவும் தாங்கக்கூடியது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய் வரிசையில் நிற்க மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனைகள் அங்கே நிறைய. மெஷின்கள் பளபளப்பாக இருக்கும், ரோபோவில் கட்டி நடக்க வைத்து வீடியோ எடுத்துக் காட்டுவார்கள். பகுதி அடி பட்டவனுக்கு அது பயன்படலாம். முழு அடி பட்டவனுக்கு அதே பணத்தில் ஒரு நல்ல வீல்சேரும், வீட்டுக்குச் சரிவுப் பாதையும், கழிப்பறையும் செய்துவிடலாம். தமிழக அரசின் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டினால் எல்லா இடத்திலும் செல்லாது. அட்டையைக் காட்டி, செல்லுமா என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆய்க்குடி

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் தர்மபுரியிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அதைப் பற்றிக் கட்டாயம் சொல்வேன். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது பெங்களூருவில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஊர் திரும்பி 1981-ல் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனி மையம் இருக்கிறது. முதல் சிகிச்சைக்கு நம் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கழுத்தில் அடிபட்டவன், வீட்டில் வருஷக்கணக்காகப் படுத்துவிட்டவன், மறுபடி ஒரு வாழ்க்கையைத் தொடங்கச் சூழல் தேவைப்படுபவன் ஆகியோருக்கு அந்த இடம் ரொம்பப் பொருத்தம்.

இந்த இரண்டும் வேண்டாம்

கட்டு வைத்தியம் பற்றி: சாதாரணக் கை எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுக்குப் போய்வந்தவர்கள் நம் ஊரில் ஏராளம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதுகெலும்புக்கு அங்கே போகக் கூடாது. தண்டுவடம் அடிபட்டவனை உட்கார வைத்துத் திருப்பினாலே பகுதி அடி முழு அடியாகிவிடலாம். காலில் முறிவு இருந்து, கட்டு இறுக்கமாகி, விரல் நுனி குளிர்ந்து நீலம் பாய்ந்தால் சில மணி நேரத்தில் அந்தக் காலே போய்விடும்.

ஸ்டெம் செல் பற்றி: லட்சக்கணக்கில் கேட்பார்கள், நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல் ஏற்கப்பட்ட சிகிச்சை இல்லை. தண்டுவட அடிக்கு அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

யார் கூடப் போவது

அம்மாதான் போவார் என்று எல்லா வீட்டிலும் தானாகவே முடிவாகிவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையனுக்கு அம்மா டியூப் மாற்றுவதும் மலம் துடைப்பதும் உயிரே போவது மாதிரி. வாய்விட்டுச் சொல்ல மாட்டான். பயிற்சிக்கும் ஒத்துழைக்க மாட்டான், கோபம் மட்டும் வரும். அண்ணனோ மாமாவோ, கூட ஆடிய நண்பனோ முதல் ஒரு மாதம் போனால் அவன் கற்றுக்கொள்ளும் வேகமே தனி. பெண் பிள்ளை என்றால் அம்மாவோ அக்காவோ போகட்டும். கூலி போகும், உண்மைதான். ஊரில் டீமில் இருக்கும் பையன்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரம் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் எழுந்தான். ஒருவர் மட்டும் முழுக்க இருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தர முடியும், அதையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கால் போனவனுக்கு வேறு கணக்கு

காலை எடுக்க நேர்ந்தால் டாக்டரிடம் முழங்காலைக் காப்பாற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு ஓடுவதுகூட நடக்கிற காரியம். முழங்காலுக்கு மேலே போய்விட்டால் நடப்பதற்கே உடம்பு அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும்.

காயம் ஆறி, மீதிக் காலை எட்டு வடிவத்தில் பேண்டேஜ் சுற்றிச் சுருக்கி, அப்புறம்தான் முதல் கால் மாட்டுவார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கக் கூடாது; சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியே இறுகிவிடும். முதல் வருஷத்தில் மீதிக் கால் சுருங்கிக்கொண்டே போகும். மீதிக் கால் நுழையும் சாக்கெட் இன்று கச்சிதமாக இருந்தாலும் நாலு மாதத்தில் லொடலொடவென்று ஆகும், தோல் உரசிப் புண்ணாகும், மறுபடி சரிசெய்ய வேண்டும். இதற்காகத்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஓசூர்க்காரருக்கு பெங்களூரு, பர்கூர் ஊத்தங்கரைக்காரருக்கு வேலூர் என்று பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பும் இடத்தில் செய்வதே நல்லது. பெங்களூருவில் மொபிலிட்டி இந்தியா போன்ற தொண்டு நிறுவனங்களும் செயற்கைக் கால் செய்து தருகின்றன.

இலவச முகாம்களில் ஜெய்ப்பூர் கால் கொடுப்பார்கள். 1968-ல் உருவான அந்தப் பாதம் வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் இறங்கவும், சம்மணம் போடவும் ஏற்றது. தோட்ட வேலைக்கு அருமையானது. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முகாம் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டால் சாக்கெட்டைச் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார்கள், ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவன் அந்த ஒன்றையே நம்பக் கூடாது. கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். கார்பன் ஃபைபரில் செய்த ஓட்டக் கால் லட்சங்களில் இருக்கிறது. முதல் வருஷத்தில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மறுபடி ஆட்டம் எப்போது

படுக்கையில் இருக்கும் பிள்ளையிடம் பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் கதையைச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தன் காலைப் பார்த்து இன்னும் அழுதுகூட முடிக்காதவனுக்கு அது “நீயும் மெடல் வாங்கு” என்று கேட்பது போல இருக்கும். முதலில் தானே குளிக்கட்டும், தானே கழிப்பறைக்குப் போகட்டும்.

அவனாகக் கேட்கும் நாளில் சொல்லுங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊர் மாரியப்பன் தங்கவேலுவின் வலது காலில் ஐந்து வயதில் பஸ் ஏறியது. உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். வளர்ந்த பிறகு அடிபட்டவர்களின் கதை இன்னும் நெருக்கமாக இருக்கும். ஹரியானாவின் சுமித் அன்டில் மல்யுத்த வீரர். 2015-ல் பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஈட்டிக்கு மாறி டோக்கியோவில் 68.55 மீட்டர், பாரிஸில் 70.59 மீட்டர் எறிந்து இரண்டு தடவையும் தங்கம் வாங்கினார். அவனி லெகாரா பதினொரு வயதில் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். துப்பாக்கி சுடுதலில் இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம். இன்னும் பின்னால் போனால் முரளிகாந்த் பெட்கர், ராணுவத்தில் பாக்சர், 1965 போரில் குண்டடிபட்டு நீச்சலுக்கு மாறி 1972-ல் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வாங்கியவர்.

இதில் அன்டிலும் பெட்கரும் ஆட்டத்தை மாற்றியவர்கள் என்பதைக் கவனியுங்கள். கபடிப் பையனை உட்கார்ந்து ஆடும் கபடிக்கு இழுக்க வேண்டாம். தோள் பலம் இருக்கிறது, உட்கார்ந்தபடி குண்டு, தட்டு, ஈட்டி எறியலாம், பவர்லிஃப்டிங்கில் படுத்து எடை தூக்கலாம். எடை தூக்க தர்மபுரியிலேயே ஒரு ஜிம் போதும். எறிதலுக்கு வேண்டிய இரும்பு நாற்காலியை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து, தரையில் கட்டி நிறுத்திக்கொள்ளலாம். வீல்சேர் கூடைப்பந்து வேண்டும் என்றால்தான் சென்னை, பெங்களூரு போன்ற ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஐந்து பேர் கொண்ட அணி இங்கே சேருவது கஷ்டம்.

கோடையில் மட்டும் எச்சரிக்கை. அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது. நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் மதியப் பயிற்சி கூடவே கூடாது. நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவனுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியதாலோ டியூப் அடைத்ததாலோ ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீரை வெளியேற்றி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கோச்சுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வீல்சேரில் கஞ்சத்தனம் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலி ஆஸ்பத்திரியில் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்தது. இடுப்பு அகலத்துக்குப் பொருந்தாது, தோளைக் கெடுக்கும். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோஃப்ளை போல ஆளின் அளவுக்குச் செய்யும் நாற்காலிகள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. ஊரில் வசூல் செய்வதாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள்.

இடம் கிடைக்கும்வரை

எந்த மையத்திலும் இன்று போனால் இன்றே கட்டில் கிடைக்காது. ஆபரேஷன் முடிந்த வாரத்திலேயே போன் செய்து பெயர் பதிந்துவிடுங்கள். பேசும்போது கேட்க வேண்டியவை: தண்டுவடத்துக்குத் தனிக் குழு இருக்கிறதா, சிறுநீர் தானே எடுக்கப் பழக்குவீர்களா, கூட ஒருவர் தங்கலாமா, மாதம் தோராயமாக எவ்வளவு ஆகும். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

இடைப்பட்ட நாட்களுக்கு வீட்டில் காற்று மெத்தை வாங்கிப் போடுங்கள். பகலிலும் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தி விட்டதும் வெளுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் படுக்கவே விடாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன் வார்டு நர்ஸிடம் கேட்டு, சிறுநீர் டியூபைக் கையாளுவதை ஒருவராவது கையால் செய்து பழகிக்கொண்டு கிளம்புங்கள். எம்.ஆர்.ஐ. படங்கள், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். மையத்துக்கும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், பின்னாளில் பாரா விளையாட்டில் எந்தப் பிரிவில் ஆடலாம் என்று தீர்மானிப்பதற்கும் அதே தாள்கள்தான் வேண்டும்.